லெட்

டென்னிஸில் ஸர்வீஸ் பந்து வலையின் மேல்விளிம்பை உரசி, விழவேண்டிய கட்டத்துக்குள்ளேயே விழுந்தால் 'லெட்' என்கிறார்கள். புள்ளி யாருக்கும் இல்லை. அந்த ஸர்வீஸை மறுபடி போட வேண்டும். 'நெட்' என்பதன் திரிபுதான் இது என்று ஆட்டக்காரர்களே நம்புவதுண்டு. வலையே இல்லாத ஸ்குவாஷிலும் லெட் இருக்கிறது. எதிராளியின் உடம்பு குறுக்கே நின்று அடிக்க முடியாமல் போனால் அங்கே லெட் கேட்கலாம். திரிபு வாதம் இத்துடன் முடிந்துவிடுகிறது.

அனுமதி என்ற அர்த்தத்தில் பள்ளியில் படித்த லெட் அல்ல இது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றுக்கு விடு என்று அர்த்தம், மற்றதற்குத் தடு. ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. ஆவியின் பின்னால் போகவிடாமல் பிடித்து நிறுத்துகிறவர்களிடம் ஹாம்லெட் சொல்லும் லெட், தடுக்கும் லெட். 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இரண்டுமே இருக்கின்றன. எது எந்த லெட் என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

தடுக்கும் லெட் பிறகு பேச்சிலிருந்து மறைந்தது. தங்கியவை ஆட்டக்களமும் சட்ட நடையும். வங்கிக் கவுண்டரில் அடையாளத்துக்காக நீட்டப்படும் பாஸ்போர்ட்டில் அதை இன்றும் பார்க்கிறேன். இவரைத் தடையின்றிச் செல்லவிடுங்கள் என்று ஜனாதிபதியின் பெயரால் அச்சாகியிருக்கும் வேண்டுகோளில், தடை என்ற இடத்தில் நிற்பது லெட்.

ஒரு சொல்லின் வேரைக் காட்டிவிட்டால் அர்த்தத்தை ஸ்தாபித்துவிட்டதாக நினைக்கும் விமர்சனம் நம்மிடையே உண்டு. கவிதையில் சொல்லைக் கண்டதும் அகராதிக்கு ஓடும் விமர்சனம். லெட்டின் வேர் தருவது தடையை. ஆனால் ஸ்குவாஷ் ஆடுகிறவன் லெட் கேட்கும்போது தடையைக் கேட்கவில்லை. இன்னொரு தடவையைக் கேட்கிறான். அர்த்தத்தை நகர்த்தியது ஆட்டத்தின் விதி. கவிதையும் தனக்குள் வந்த சொல்லை இப்படித்தான் நகர்த்துகிறது.

லெட்டைத் தமிழில் 'தடை' என்றால் ஆட்டம் விடுபட்டுப்போகும். 'மறு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மறுத்தல் என்கையில் தடை. மறுபடி என்கையில் இன்னொரு தடவை. இரண்டையும் நாம் குழம்பாமல்தான் புழங்குகிறோம்.

நம் மதிப்புரைகளில் புள்ளி உண்டு, பிழை உண்டு, லெட் இல்லை. முதல் கவிதைத் தொகுப்புகள் பல வலையை உரசிக்கொண்டுதான் உள்ளே விழுகின்றன. அவற்றை வெற்றி என்பதும் தோல்வி என்பதும் ஒரே மாதிரி அவசரம். மறுபடி போடு என்று சொல்ல விமர்சகனுக்கு இடம் வேண்டும். இதைச் சலுகை என்று பயப்பட வேண்டியதில்லை. முதல் ஸர்வீஸ் பிழையாகி இரண்டாவது லெட் ஆனால், இரண்டாவதை மட்டுமே மறுபடி போடலாம். முதல் பிழை கணக்கில் அப்படியே நிற்கும்.