எந்தப் பட்டம், எந்தக் கடன்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் மக்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் என்னிடம் கேட்பது இதுவே: "ஹஜ்ரத், பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வங்கிக் கடன் வாங்கலாமா?"

நிறுவனங்களின் தகவல் அமைப்புகளை நிர்வகிக்கும் பணிக்கு நான்காண்டுப் பொறியியல் மட்டுமே வாசல் அன்று. மூன்றாண்டு பி.சி.ஏ. உண்டு, வணிகவியல் பிள்ளைக்குக் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய பி.காம். உண்டு. பின்னர் டான்செட் எழுதி எம்.பி.ஏ. அல்லது இப்போது இரண்டாண்டாகிவிட்ட எம்.சி.ஏ. சேரலாம். திருச்சி ஜமால் முகமது போன்ற கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. இவற்றை விசாரிக்குமுன்பே வட்டிக் கடனை 'நிர்ப்பந்தம்' என்று சொல்லித்தரக் கேட்கிறார்கள். என் நாக்கு கூசுகிறது.

என் மனம் பி.காம். பக்கமே சாய்கிறது. கொள்முதலும் இருப்பும் பற்றுவரவும் அறியாதவர் அவற்றைத் தாங்கும் மென்பொருளை எவ்வாறு நிர்வகிப்பார்? குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்கிறது. எந்தப் பதிவை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று வரையறுத்துக் காப்பதும் அத்தகைய அமானிதமே.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் எம்.சி.ஏ. தகுதி விதிகளை இப்போதே பார்த்துக்கொள்ளட்டும்.