பெரியமேட்டுக்கு ஒரு கபடி டிக்கெட்

செம்பரம்பாக்கம் என்றதும் பலருக்கு ஏரி ஞாபகம் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்சம் பயமும் கூடவே வரும். என் அக்கா மகனுக்கு அது ரூம் இருக்கிற ஊர், அவ்வளவுதான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, நாலு பேருக்கு ஒரு ரூம். 2019 ஆகஸ்டில் புரோ கபடி சென்னைக்கு வந்தபோது, “மாமா, ஒரு மேட்ச்சாவது நேர்ல பாத்துடணும்” என்றான். கிராமத்தில் ரைடு போய்ப் பழகிய கால். டிவியில் பார்த்தால் அடங்குமா?

பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஈவிபி பற்றிப் பேச்சு வந்தது. முன்பு ராட்டினம் சுற்றிய தீம் பார்க், இப்போது சினிமா செட்டுகளின் பேட்டை. பிக் பாஸ் வீடு இருப்பதும் அங்கேதான். உலகத்தில் எந்த மூலையில் தமிழர் இருந்தாலும் பார்க்கிற அந்த வீட்டை, பக்கத்துத் தெருக்காரரும் டிவியில்தான் பார்க்கிறார். அவருக்கு அதிகப்படியாகத் தெரிவது மதில் சுவர்.

மேற்கே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் கதை இன்னும் சுவாரசியம். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இங்கே சொந்தமாக 3.7 கிலோமீட்டர் டிராக் போட்டது. ஹூண்டாய் வந்தது அதற்கப்புறம்தான். கார் செய்வதற்கு முன்பே கார்ப் பந்தயம் பார்த்துவிட்ட ஊர். பின்னால் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஓட்டிய டிராக். ஆனால் 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 ஓடியபோதுதான் சென்னையே அதைப் பேசியது. இத்தனை வருஷம் இங்கே ஓடிய வண்டிகள் நகரத்து நடுவுக்கு வந்ததும் திருவிழாவாகிவிட்டன.

பூந்தமல்லி தாண்டி வானகரம். ஸ்ரீவாரு வெங்கடாசலபதி மண்டபம் கல்யாண மண்டபம்தான். அதிமுக பொதுக்குழு 2017 செப்டம்பரில் கூடியதும், 2022 ஜூலையில் எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கியதும் அதற்குள்தான். அரங்கம் இல்லாத பக்கத்தில் கல்யாண மண்டபம் எல்லா வேஷமும் போடும்.

கோயம்பேட்டில் மெட்ரோ பிடித்து சென்ட்ரல். ரிப்பன் மாளிகையைக் கடந்து நடந்தால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். இந்த வட்டாரமே ஒரு காலத்தில் டிரெவெல்யன் கவர்னர் போட்ட பீப்பிள்ஸ் பார்க். பழைய மெட்ராஸ்காரர்கள் உயிர் காலேஜ் என்று சொன்ன மிருகக்காட்சிசாலையும் இங்கேதான் இருந்தது. 1985-இல் அது வண்டலூருக்குப் போனது. பெரிய ஸ்டேடியம் கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. வாசலில் மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவன் கண் டிக்கெட் க்யூவிலேயே இருந்தது.

கபடி நடந்த உள்விளையாட்டரங்கம் 8,000 பேர் கொள்ளும். ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சான் வந்ததும், ‘ஐ’ படத்துக்கு அர்னால்டு வந்ததும் இங்கேதான். 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அடுத்த வருஷம் அதே தேதியில் ‘ஜெயிலர்’ பட விழா, மேடையில் ரஜினி சொன்ன காக்கா கழுகு கதை. செஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் ஒரே கூரை. இரண்டில் எதற்குக் கூட்டம் அதிகம் முண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘லியோ’ பட விழாவையே, பாஸ் கேட்டு வந்த நெருக்கடியைக் காரணம் காட்டித்தான் ரத்து செய்தார்கள்.

உள்ளே ஏசி, கலர் விளக்கு, மேட். ரைடுக்கு 30 விநாடி. ஊரில் மூச்சுப் பிடித்துப் பாடிப் போவது வரப்பு வரைக்கும் கேட்கும். இங்கே ஸ்பீக்கர் பாட்டில் ஆட்டக்காரர் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அது ஒரு குறைதான். நம்ம அணியான தமிழ் தலைவாஸின் அப்போதைய கேப்டன் அஜய் தாக்கூர் இமாசலப் பிரதேசத்துக்காரர்; அதனால் யாருக்கு என்ன? அவர் கோட்டைத் தாண்டியதும் அரங்கமே எழுந்து நின்றது. மருமகன் உட்காரவே இல்லை. எதிராளி கணுக்காலைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் தன் காலை இழுத்துக்கொண்டான். “லெப்ட் கார்னர் முன்னாடி வந்துட்டான் மாமா, அங்கதான் தப்பு” என்று எனக்கு ஓயாமல் வகுப்பு எடுத்தான். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் அதை மறுத்துப் பேச, ஆட்டம் முடிந்த பிறகும் படிக்கட்டில் நின்று வழக்கு நடந்தது.

வெளியே வரும்போது மணி பத்தை நெருங்கியது. வட சென்னைக்காரர்கள் நடந்தே போனார்கள். தாம்பரம் பக்கத்தவர்கள் பார்க் ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். நாங்கள் கோயம்பேட்டில் ஒரு பஸ், பூந்தமல்லியில் இன்னொரு பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. விடிந்தால் ஏ ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு வந்துவிடும். அவன் ரூம் நண்பர்கள் மூவரும் டிக்கெட் விலையைக் கேட்டு வராமல் நிற்கவில்லை, இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வராமல் நின்றார்கள்.

அவன் வேலை செய்யும் ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். பெரியமேட்டு உள்ளரங்கை இரண்டு முறை நிரப்பியும் மிச்சம் இருக்கும் கூட்டம், ஒரே வளாகத்தில். அரங்கம் நகர நடுவில் இருப்பது நியாயம்தான், எல்லா ரயிலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் சாயங்காலம் ஷிஃப்ட் முடித்து வருகிற இத்தனை பேர் இருக்கும் இடத்தில் மேட் விரிக்க ஒரு கூரையாவது வேண்டாமா? பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது. மருமகனிடம் சொன்னேன். “கடைசி வண்டி எத்தனை மணிக்காம் மாமா?” என்று கேட்டான்.