அருவி ஓட்டிய மில்: விக்கிரமசிங்கபுரம்

ராஜபாளையம் பக்கத்துத் தேவதானத்துக்காரர்களுக்குச் சாஸ்தா கோயில் அருவி என்றால் குளியல், கும்பிடு, கட்டுச்சோறு. அதே மலைத்தொடரை ஒட்டித் தெற்கே போனால் பாபநாசம். அங்கே இவற்றோடு ஒரு பஞ்சாலையின் கதையும் உண்டு.

ஹார்வி சகோதரர்களான ஆண்ட்ரூவும் பிராங்கும் 1885-ல் இங்கே நூற்பாலையை ஓட்டத் தொடங்கினார்கள். பருத்தி விளையும் கரிசல் காடும் தூத்துக்குடித் துறைமுகமும் கிழக்கே இருக்க, மலையடிவாரத்துக்கு ஏன் வந்தார்கள்? நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். அது தொலைதூரத்திலிருந்து வரவேண்டும். இங்கே பாயும் தாமிரபரணியோ இரண்டு பருவமழையிலும் நீர் பெறும் ஆறு. ரயில் அம்பாசமுத்திரத்தை எட்டியதே அடுத்த நூற்றாண்டில்தான். அதுவரை பஞ்சுப் பொதிக்கு மாட்டுவண்டியே கதி. அந்தச் சிரமத்தையும் தாங்கும் அளவுக்கு அருவியின் விசை லாபமாக இருந்திருக்கிறது.

மேட்டிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் நூற்பு எந்திரங்கள் ஓடும். வேலை முடிந்த தண்ணீர் ஆற்றுக்கே திரும்பிவிடும். மில்லுக்கு வேண்டியது அதன் வீழ்ச்சி மட்டுமே. கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள்; கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

பாபநாசத்தை ஒட்டிய, சிவஞான முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம், மில்லால் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. சங்குச் சத்தமும் ஷிப்டும் அன்றாடமாயின. இன்று எல்லோருக்கும் அது வி.கே.புரம்.

ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-ல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வைப் பெற்றுத் தந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. பாபநாசம் மில் பின்னர் மதுரா மில்ஸோடு இணைந்தது. 1970-களில் அந்த நிறுவனம் மதுரா கோட்ஸ் ஆனது.

பைக்காரா (1932), மேட்டூர் (1937) என நீர்மின் நிலையங்கள் வரவர, மில்கள் அருவியைத் தேடிப்போகும் தேவை மறைந்தது. 1936-ல் உருவான ராஜபாளையம் மில்ஸ் அந்தப் புதிய காலத்தின் பிள்ளை. 1944-ல் பாபநாசத்திலும் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரு மில்லை ஓட்டிய ஆறு, ஊர் ஊராக மின்சாரம் அனுப்பியது.

வி.கே.புரத்து வீடுகளில் பழைய சம்பளச் சீட்டோ சங்கப் படமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மில்லில் உழைத்த பெரியவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள்.