மீரியபெத்த வீதியில் பழைய கார்கள்

ஹப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்திக்கு இறங்கி, இடது பக்கம் வெல்லவாய வீதியில் திரும்பினால் கொஸ்லந்தை வரும். அங்கிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில்தான் மீரியபெத்த இருக்கிறது. தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் இதன் பெயர் தெரியாமலே கடந்து போகிறார்கள்.

இந்த மலைவீதிகளில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், லேண்ட் ரோவர் போன்ற பழைய இங்கிலாந்து வாகனங்களை இன்றும் காணலாம். சில ஓடுகின்றன. சில கராஜ் ஓரத்தில் தறப்பாள் போர்த்தி நிற்கின்றன. கொழும்பிலுள்ள பழைய கார்ச் சங்கத்தினர் தங்கள் கார்களைத் துடைத்து மினுக்கி, வரிசையாக மலைநாட்டுக்கு ஓட்டி வருவதுண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது.

வடக்கிலுள்ள சகோதரிகளுக்கு இக்கார்கள் புதியவை அல்ல. 1990களில் எரிபொருள் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கறுப்புப் புகை கக்கியபடி கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கார்கள் இவைதான்.

ஏன் இவை சாகவில்லை என்று பண்டாரவளையில் ஒரு கராஜ் பாஸிடம் கேட்டேன். "இதுல கம்ப்யூட்டர் ஒண்ணும் இல்ல தங்கச்சி. கையால கழட்டி, கையாலயே பூட்டலாம்" என்றார். 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கைத்தொழில் எவ்வளவு வளர்ந்ததென்றால், 1990களில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின.

காரின் இலக்கத் தகட்டிலும் நம் சரித்திரம் இருக்கிறது. மிகப் பழையவற்றில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். பின்னர் புதிய வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதன்மேல் தார் பூசி எதிர்ப்புக் காட்டினார்கள். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்கு முன்னோடியாக இருந்தவற்றில் அந்தப் போராட்டமும் ஒன்று.

இன்னொரு ஆண்டையும் கவனியுங்கள். மொரிஸ் மைனரும் லேண்ட் ரோவரும் அறிமுகமானது 1948இல். அதே ஆண்டில்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. துரையின் வாகனத்துக்குப் பதிவு இருந்தது. அது ஓடும் பாதையோரம் கொழுந்து பறித்த பெண்ணுக்குப் பதிவு இல்லை. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மீரியபெத்தயில் ஒரு வயதான அம்மாவிடம் பழைய கார்களைப் பற்றிக் கேட்டேன். "தொர காரு போக ரோட்டுக்குக் கல்லு ஒடச்சது எங்க தாத்தா காலத்து ஆளுங்கதாம்மா. நாங்க ஏறுனது கொழுந்து லொறியில மட்டும்தான்" என்றார்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து இங்கிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு மாற்று வீடு இருக்கவில்லை. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உடலைக் காணாமல் மரணச் சான்றிதழை மட்டும் கையில் வாங்குவது என்னவென்று, போரில் உறவுகளைத் தொலைத்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தப்பியவர்களுக்குப் பூனாகலை மாக்கல்தெனியவில் 2016இல்தான் வீடுகள் கையளிக்கப்பட்டன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின. ஆகவே மலையில் வாழும் சகோதரிகள் இவற்றை மனதில் வைத்திருங்கள்: நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு தோன்றுவது, மரங்கள் சாய்வது, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்று போவது, இவையெல்லாம் சரிவின் அறிகுறிகள். கண்டால் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

எழுபது வயதான காரை ஓட வைக்க இந்நாட்டில் கைகளும் பணமும் மனமும் இருக்கின்றன. அதைவிட மூத்த லயங்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. மலைக்கு வரும் கார்களை ரசிப்போம். அந்த வீதியோரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.