செவலையின் இரவுகள்

நவம்பர் 3, திங்கள்

மணி ஒன்றரை. செவலை இப்போதுதான் குரைத்து ஓய்ந்தான். எதிர்வீட்டில் விளக்கு எரிந்து அணைந்தது. காலையில் அந்த அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? கைக்குழந்தை இருக்கிற வீடு. தீபாவளிக்கு வெடித்த வெடியில் மிரண்டவன், இரண்டு வாரமாக எங்களையும் தூங்கவிடவில்லை, தானும் தூங்கவில்லை.

மாசிக் கடைசியில், மொரப்பூர் சாலையோரக் கரும்புக்காட்டில் கிடந்தவனை மகன் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தான். உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை. இப்போது ஒன்பது மாதம். கால் நீண்டு, நெஞ்சு அகன்று, சங்கிலியை இழுத்தால் என் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.

"வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்னுதான கட்டிப் போட்டோம், இது காத்துக்கும் கத்துதே" என்கிறார் அத்தை.

நவம்பர் 5, புதன்

இன்று ஐப்பசிப் பௌர்ணமி. தெருவே பகல்போல் வெளிச்சம். எட்டு மணிக்கு மகன் அவனை வெளியே கூட்டிப்போனான். கச்சேரிமேட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் நான்கு தெருநாய்கள். செவலை விறைத்து நின்றானாம். பிடரி மயிர் சிலிர்த்ததைப் பார்த்து மகன் பயந்து சங்கிலியை இறுக்கி இழுத்திருக்கிறான். அதோடு சண்டை பற்றிக்கொண்டது. விலக்கப் போனவன் கெண்டைக்காலில் ஒரு கீறல். எந்த நாயின் பல் என்று தெரியவில்லை. ரத்தம் இல்லை, தோல் மட்டும் வழண்டிருந்தது.

குழாயடியில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அத்தை மஞ்சள் வைக்க வந்தார், தடுத்துவிட்டேன். அரசு மருத்துவமனையில் உடனே ஊசி போட்டார்கள். இன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கணக்குப் பார்த்தால் கடைசி ஊசி கார்த்திகை தீபத்தன்று வருகிறது. செவலைக்கு மூன்று மாதத்திலேயே வெறிநாய் ஊசி போட்ட சீட்டு என் பீரோவில் இருக்கிறது. அந்தச் சீட்டை இன்று மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

இரண்டாம் ஊசி முடிந்தது. திரும்பி வரும்போது, வாணியாற்றுப் பக்கம் ஆடு ஓட்டுகிற பெரியவர் வாசலில் நின்று செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாய் ஆடுகளோடு ஆடாக, கயிறே இல்லாமல் நிற்கிறது. அதைக் கண்டு செவலை எகிறினான்.

"என்னேரமும் சங்கிலிதானாம்மா?"

"ராத்திரி பூரா கட்டித்தான் போடுவோம் தாத்தா. பகல்ல என் தையல் மிஷினுக்கு அடியில தூங்குவான்."

"பகலெல்லாம் தூங்குனா ராத்திரி முழிச்சுத்தான கெடக்கும்? கட்டிப் போட்ட எடத்துல எது வந்தாலும் அதுக்குப் பயம்தான்மா. ஓடவும் முடியல, கிட்டப் போயி மோந்து பாக்கவும் முடியல. கத்தாம வேற என்ன பண்ணும்?"

நான் அதுவரை அவன் குரைப்பதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். மூன்று நாள் முன்பு நடந்ததும் இப்போதுதான் விளங்குகிறது. மகன் கையில் இருந்த பயம் சங்கிலி வழியாக அவன் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மகனுக்கு மூன்றாம் ஊசி. கால்நடை மருத்துவமனைக்கும் போய்வந்தேன். ஒன்பது மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம், ஆண்நாய்க்கு இந்தக் குளிர்மாதங்களில் அலைச்சல் அதிகம் என்றார் டாக்டர். கருத்தடைக்கு நாள் கேட்டிருக்கிறேன். குட்டி பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் பார்த்துப் பழகுவதுதான் அதன் மனதில் நிலைக்குமாம். அந்த மாதங்களில், நோய் தொற்றிவிடுமோ என்று அவனை வாசல் தாண்ட விடாமல் வைத்திருந்தோம். மடியில் தூக்கிவைத்துக்கொண்டாவது தெருவைக் காட்டியிருக்கலாம்.

இன்றிலிருந்து செய்வது: ராத்திரிச் சோறு ஆறரைக்கே. மாலையில் அரைமணி நடை, படுக்கும் முன் ஒன்பதரைக்குச் சிறுநீர் கழிக்க ஒரு நடை. பகலில் மிஷினடித் தூக்கத்தை மூன்று தடவை கலைத்து, முற்றத்தில் சோற்றுருண்டையை ஒளித்துவைத்துத் தேடவிடுவது. தெரு அவன் கண்ணில் படாதபடி, கேட்டின் கம்பிகளுக்கு உட்புறம் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டினேன். சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று. திண்ணையில் அத்தையின் கட்டிலுக்குக் கீழே கோணிப்பை விரித்து, "இங்கதான் படுக்கணும்" என்றேன். அத்தைக்கு விருப்பமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை குரைத்தான். அத்தை கையைத் தொங்கவிட்டு, "ஏய், நான் இருக்கேன் படு" என்றார். படுத்துவிட்டான்.

நவம்பர் 18, செவ்வாய்

மகனின் தமிழாசிரியர் சொல்லியனுப்பிய செய்தி. நம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவன் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துவிட்டு அவனைக் காத்திருந்ததாம். வீரனோடு நாயின் பெயரையும் ஏழாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது மகன் சொன்னதை அத்தை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "அது கூடவே இருந்த நாய்" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

மாலை நடையில் நானே போனேன். நான்கு முழ நூல் கயிறு, தளர்வாகப் பிடித்தபடி. இடுப்பில் அவித்த முட்டைத் துண்டுகள். காது நுனி வெட்டிய பெட்டை ஒன்று எங்கள் தெருமுனைக்காரி. கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கு அதுதான் அடையாளம். 2023ஆம் ஆண்டு விதிப்படி பிடித்த இடத்திலேயேதான் விடவேண்டும். அதனால் தெரு அவளுடையது, நாங்கள்தான் கடந்துபோகிறவர்கள்.

இருபதடி தூரத்தில் செவலையின் வாய் மூடியது. காது முன்னால் வந்தது, வால் கம்பியாயிற்று. இந்த நொடியைத்தான் இத்தனை நாள் தவறவிட்டிருக்கிறேன். இழுக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லி, நேராகப் போகாமல் சாலையின் மறுஓரத்துக்கு வளைந்து நடந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முட்டைத் துண்டு. மறுபடி அவளைப் பார்த்தான், மறுபடி என்னை. இன்னொரு துண்டு. ஐந்தாவது துண்டில் வால் தழைந்தது. அவள் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேறொரு வழியில் புளியமரத்தடியில் மூன்று நாய்கள் கிடக்கும். அவை ஒன்றாக இருந்தால் இன்னும் எகிறத்தான் செய்கிறான். அந்த வழி இப்போதைக்கு வேண்டாம்.

டிசம்பர் 3, புதன்

மகனுக்குக் கடைசி ஊசி காலையிலேயே முடிந்தது. மாலை வாசலில் அகல் வைத்தோம். ஆறு மணிக்கு முன்பே அவனை நடத்திக் கூட்டிவந்து, நடு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வெடிச்சத்தம் தொடங்கியதும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தேன். பாக்கி இருந்த ரவிக்கை இரண்டும் தைத்து முடிந்தன. மிதிபலகையின் ஓரத்தில் தாடையை வைத்து நடுங்கிக்கொண்டே இருந்தான், குரைக்கவில்லை. எட்டரைக்கு நடுக்கம் நின்றது.

இப்போது மணி பதினொன்று. காது வெட்டிய பெட்டை கேட்டருகே வந்தாள் போலிருக்கிறது. செவலை எழுந்து போய்ச் சாக்கின் அடி இடுக்கில் மூக்கை நுழைத்து வெகுநேரம் மோந்தான். அந்தப் பக்கமிருந்தும் மூச்சு இரைகிற சத்தம். திரும்பி வந்து கோணிப்பையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தான். அத்தையின் கை, தூக்கத்திலேயே, கட்டிலிலிருந்து கீழே தொங்குகிறது.