வெற்றுக் குடங்களின் கணக்கு

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி நிரலைப் பற்றி எழுதத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள்க. எம்மால் நேர்ந்த பிழையொன்றைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் வளர்ந்தோர்க்குக் குடவரிசையை விளக்க வேண்டியதில்லை. குழாயில் நீர் வருமுன்பே வெற்றுக் குடத்தை வைத்து இடம் பிடிப்போம். வீட்டுக்கு ஐந்து குடம் என வரம்பிட்ட தெருவில், வைத்தவர் எடுக்க மறந்த வெற்றுக் குடமும் அவ்வீட்டின் கணக்கிலேயே சேரும்.

பலர் பகிரும் கணிப்பொறியின் வட்டிலும் இத்தகைய வரம்பு உண்டு. கோட்டா என்றவுடன் நம்மவர்க்குக் கல்லூரி இடமே நினைவில் எழும். வட்டிலோ அது, ஒருவர் இதற்குமேல் இடங்கொள்ளலாகாது என்னும் எல்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்து இராபர்ட் எல்ஸ் வகுத்த முறை, 1983இல் பெர்க்லி வெளியிட்ட யுனிக்ஸ் 4.2 பதிப்பில் இடம்பெற்றது. மென்வரம்பைச் சில நாள் கடக்கலாம். லினக்சில் வழக்கமான தவணை 7 நாள். வன்வரம்பைக் கடக்கவே இயலாது.

2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு முறைமை, எழுதப்படும் செய்தியை உடனே வட்டில் வைப்பதில்லை. நினைவகத்தில் தாங்கிப் பின்னரே இடம் தேடுகிறது. அதற்குள் பயனர் வரம்பைக் கடந்துவிட்டால் எழுதியது வீணாகுமன்றோ? ஆதலின் 2009 முதல், எழுதும்போதே அவர் பங்கில் இடம் முன்பதிவாகிறது. வட்டில் வைத்தபின் அது செலவாக மாறுகிறது. முன்பதிவின் கணக்கு நினைவகத்தில் மட்டுமே இருக்கும்.

வெளியூர் ஆய்வகமொன்றில் பணிபுரியும் எம் பழைய மாணவர், தம் கணிப்பொறிக்கென இப்பகுதியைச் சற்றே மாற்றி, பார்வையிடுமாறு அனுப்பினார். முதலில் பயனர் பங்கில் முன்பதிவு. அடுத்து வட்டில் உண்மையில் இடம் உளதா என்னும் சோதனை. இல்லையேல் பிழை எனத் திரும்புதல். வரிகள் தெளிவாயிருந்தன. எழுத்து வெற்றிபெறும் வழியை இருமுறை படித்து மகிழ்ந்து, இசைவு தந்தோம். தோற்கும் வழியை யாம் படிக்கவில்லை.

சில வாரங்களில் ஆய்வக வட்டு ஓரிரவு நிறைந்துபோயிற்று. ஆய்வு மாணவி ஒருவரின் நிரல், விடியும்வரை எழுத முயன்று முயன்று தோற்றது. காலையில் பிறருடைய பழங்கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கினர். அன்று மாலை அம்மாணவி ஆய்வேட்டைச் சேமித்தபோது, வரம்பு மீறியதாகக் கூறி வட்டு பாதியிலேயே நின்றது. அவருடைய கோப்புகள் எல்லாம் சேர்ந்தும் 12 மெகாபைட்டுதான். கணக்கோ 50 எனக் காட்டியது. ஏறாத பின்பாதியைப் பழைய அச்சுப்படியைப் பார்த்து இரவெல்லாம் தட்டச்சுச் செய்தாராம். கணிப்பொறியை அணைத்து ஏற்றியதும் கணக்குச் சரியாயிற்று. பொறியின் கோளாறு என எல்லோரும் விட்டுவிட்டனர்.

யாமும் அவ்வாறே எண்ணினோம். அணைத்தால் மறையும் பிழை, ஆளைத் தேடி வருவதில்லை. மூன்றாம் முறையும் நேர்ந்தபோதுதான் அந்தத் திருத்தத்தை மீண்டும் எடுத்து, தோற்கும் வழியில் விரல் வைத்துப் படித்தோம்.

"ஐயா, இடமில்லை என்றால் பிழை சொல்லித் திரும்பிவிடுகிறதே, அப்புறம் என்ன?" என்றார் மாணவர்.

"குடம்?" என்றோம்.

அவரும் எம்மூரார்தாம், மேலே கேட்கவில்லை. வட்டில் இடமில்லை எனத் திரும்புமுன், பங்கில் வைத்த முன்பதிவை எக்ஸ்ட்-4 விடுவித்துவிடும். மாற்றியெழுதியபோது அவ்வொரு வரி விடுபட்டிருந்தது. தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் நான்கு கிலோபைட்டு வெற்றுக் குடத்தை அம்மாணவியின் கணக்கில் விட்டுச் சென்றிருந்தது.

வரியைச் சேர்த்தபின், சிறு வட்டொன்றை வேண்டுமென்றே நிரப்பி, ஆயிரம் முறை எழுத முயன்று பார்த்தோம். ஆயிரம் முறையும் தோற்றது, கணக்கு ஏறவில்லை. நடந்ததை விளக்கி அம்மாணவிக்கு மடல் ஒன்று எழுதினோம். இசைவு தந்தவர் யாம் என்பதையும் அதிற் குறித்தோம்.