தண்ணீர் எந்த வழியாக வந்தது?

டெக்சஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் நிலம் தட்டை. பெருமழை பெய்தால் தண்ணீர் ஓட இடம் தேடாது, நின்ற இடத்திலேயே ஏறும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. சாதாரண வண்டிகள் நுழைய முடியாத தெருக்களில் இறங்கி ஆட்களை ஏற்றிவந்தவற்றில் பழைய இராணுவ லாரிகளும் உண்டு. இராணுவம் கழித்துவிட்ட லாரிகளைச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு வாங்கித்தரும் திட்டத்தை அங்கே டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை நடத்துகிறது. வண்டி கிடைத்துவிடும், அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது அந்தந்த ஊரின் பாடு.

அப்படி ஓர் ஊரின் படையில் ஹூஸ்டன் தமிழ் நண்பர் ஒருவர் தன்னார்வலராக இருக்கிறார். அவர்களுடைய லாரி ஒரு வெள்ளத்தில் இறங்கி ஏறியபின் கியர்பாக்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றும், அதைப் பார்க்கப்போகும் மெக்கானிக் இராணுவத்தில் இதே வகை லாரிகளோடு காலம் கழித்தவர் என்றும் சொன்னார். நானும் கூடப் போனேன்.

லாரி எம்923. எம்939 வரிசையைச் சேர்ந்த ஐந்து டன் வண்டி, 1980களின் தயாரிப்பு. பாரம் ஏற்றாமலே ஏறக்குறைய 10 டன் இருக்கும். 14 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், மூன்று அச்சுக்கும் இழுவை. இதற்கு முந்தைய எம்809 வரிசையில் ஓட்டுநர் கையால் கியர் மாற்ற வேண்டும். இதில் ஆலிசன் கம்பெனியின் ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதனால்தான் தன்னார்வப் படைகளுக்கு இது பிடிக்கிறது. பகலில் பள்ளி ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருப்பவர் கொஞ்சம் பழகினால் ஓட்டிவிடலாம். ஆனால் கையால் மாற்றும் பெட்டி தண்ணீர் கலந்த ஆயிலைச் சில நாள் பொறுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் பொறுக்காது. அதில் ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை: இன்ஜினின் விசையைக் கடத்துவது, கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதுவே.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. தகரக் கொட்டகைதான் பட்டறை. டீசல் தொழில் படிக்கும் பேத்தி உதவிக்கு நின்றாள். அவர் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். இந்த வண்டியில் ஊற்றியிருந்தது சிவப்புச் சாயம் கலந்த ஆயில். துணியில் படிந்ததோ அசல் ரோஸ்மில்க்.

"வெள்ளத்திலிருந்து வந்தபிறகு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கொட்டகைக்குள் ஓட்டி வந்து நிறுத்தியதோடு சரி, பிறகு தொடவில்லை என்றார் படையின் தலைவர். மெக்கானிக் தலையசைத்தார். இன்ஜின் ஓடினால் கியர்பாக்ஸின் பம்பும் ஓடும். அடியில் தங்கியிருக்கும் தண்ணீரையும் ஆயிலையும் கடைந்து, கிளட்ச், வால்வ் பாடி, கூலர் என்று ஒரு மூலை விடாமல் அனுப்பிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கார் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதும் இதே எச்சரிக்கைதான்: மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள்.

நான் எதிர்பார்த்தது, உடனே டிரெய்ன் பிளக்கைக் கழற்றுவார் என்று. அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆயிலை மாத்துறது யாருக்கும் தெரியும். இந்தத் தண்ணி எந்த வழியா வந்ததுன்னு தெரியாம மாத்தினா, ரெண்டாவது தடவையும் மாத்தணும்" என்றார்.

வழிகள் மூன்று. முதலாவது, வெளியிலிருந்து: டிப்ஸ்டிக் குழாய், காற்றுப் போக்கும் பிரீதர், தேய்ந்த சீல். இரண்டாவது, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து வியர்ப்பது. இது சிறு அளவு, வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மூன்றாவது, உள்ளிருந்து. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் இன்ஜினின் கூலண்ட். நடுச்சுவர் அரித்துப்போனால் இரண்டும் கலக்கும். அப்படியானால் வெள்ளம் ஒரு சாக்கு மட்டுமே.

மூன்றாவது வழிக்குத்தான் அவர் பயந்தார். கூலண்டில் தண்ணீரோடு எத்திலீன் கிளைகால் இருக்கிறது. கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நாரால் செய்த பூச்சு. தண்ணீரே அதை ஊறவைத்து ஒட்டுப்பசையைத் தளர்த்தும். கிளைகால் இன்னும் மோசம், பிசினாகப் படிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஆலிசன் பழுதுபார்ப்புக் கையேடுகளில் இதற்குச் சலுகை கிடையாது: கூலண்ட் கலந்தால் கியர்பாக்ஸ் முழுவதையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், பூச்சுத் தகடுகளை மாற்ற வேண்டும். ஒரு சிற்றூர்ப் படைக்கு அந்தச் செலவு வண்டியைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆகவே சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி, முதலில் கசிந்ததைப் பேத்தி கண்ணாடிச் சீசாவில் பிடித்தாள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். வண்டி அசையாமல் நின்றிருந்ததால் கலங்கிய தண்ணீர்தான் முதலில் வந்தது, பிறகு ரோஸ் குழம்பு. அதில் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தட்டில் விட்டாள், வெடித்துத் தெறித்தது. தண்ணீர் உண்டு என்று அது சொல்லும், யாருடைய தண்ணீர் என்று சொல்லாது. அதற்குக் கிளைகாலைக் கண்டால் நிறம் மாறும் மருந்து இருக்கிறது. அதைக் கலந்து காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. கிழவர் அதையும் நம்பவில்லை. கூலரைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் காற்றழுத்தம் ஏற்றித் தொட்டியில் முக்கினார். குமிழி வரவில்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் எண்ணெய்ப் படலம் இல்லை. உள்வழி இல்லை என்று அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

வெளிவழியைப் பேத்தி கண்டுபிடித்தாள். பிரீதரிலிருந்து மேலே ஏறும் ரப்பர் ஹோஸ், ஒரு இரும்புத் தாங்கியில் உரசி உரசிப் பின்புறம் வெடித்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இந்த வரிசை லாரிகளுக்குத் தனி உபகரணம் இல்லாமல் 30 அங்குல ஆழம் வரை இறங்க அனுமதி உண்டு. அந்த ஆழத்துக்கே வெடிப்பு தண்ணீருக்குள் போய்விடும். பல மைல் ஓடிச் சூடான கியர்பாக்ஸுக்குள் காற்று விரிந்திருக்கும். வெள்ளத்தில் இறங்கியதும் உலோகம் சட்டென்று குளிர, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியில் இருப்பதை இழுக்கும். இழுத்தது வெள்ளத்தை. ஹோஸ் முழுதாக இருந்திருந்தால் உயரத்திலிருந்து காற்றை இழுத்திருக்கும்.

அதற்குப் பின்தான் அழுக்கு வேலை. ஆயிலை வடித்து, அடியிலுள்ள ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். தொட்டியின் மூலையில் மண்டியும் கொஞ்சம் துருவும். கிழவர் மண்டியை விரலால் தேய்த்துப் பூச்சுத் துணுக்கு ஏதும் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். வடிப்பதால் மட்டும் எல்லாம் வந்துவிடாது: டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் கணிசமான பங்கு தங்கிவிடும். அதனால் புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு கியராக மாற்றிச் சூடேற்றி, மறுபடி வடிக்க வேண்டும். ரோஸ் நிறம் வெளிறி, தெளிந்த சிவப்பு வரும்வரை இதே சுற்று. கழுவுவதற்கென்று மண்ணெண்ணெயோ வேறு கரைப்பானோ ஊற்றச் சிலர் சொல்வார்கள், அவர் சம்மதிக்கவில்லை. பசைக்கும் சீலுக்கும் அது புது எதிரி.

வடித்த ஆயிலைக் கொடுப்பதும் எளிதாக இல்லை. உதிரிபாகக் கடைகள் பழைய ஆயிலை இலவசமாக வாங்கிக்கொள்ளும், ஆனால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருந்தால் தொடாது. அதைத் தனி டிரம்மில் அடைத்து, கழிவு எடுக்கும் வண்டிக்குக் காசு கொடுத்து அனுப்பினார்கள். பேத்தியின் கையுறைக்குள்ளும் ரோஸ் நிறம் ஏறியிருந்தது.

கடைசிச் சுற்றுக்குப் பின் படைத் தலைவர் நேராகவே கேட்டார்: "ஜூன் 1 புயல் பருவம் ஆரம்பம். வண்டியை நம்பலாமா?"

"இப்போ முடியாது" என்றார் கிழவர். தகடுகளின் பசை எவ்வளவு தளர்ந்தது என்பது பிரிக்காமல் தெரியாது. ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் ஏற்றி நீண்ட தூரம் ஓட்டி, ஆயில் சூட்டை 80, 90 டிகிரியில் வைத்து மிச்ச ஈரத்தை ஓட்ட வேண்டும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்க இராணுவத்தில் இதற்கென்றே ஆயில் பகுப்பாய்வுத் திட்டம் உண்டு. அவர் கற்றது அங்கே. தண்ணீர் அளவும் உலோகத் துகளும் இரண்டு அறிக்கைகளில் குறைந்தபடி வந்தால் வண்டி வெள்ளத்துக்குப் போகலாம். தகடு நழுவினாலோ கியர் தாமதமாக விழுந்தாலோ பிரித்தே ஆக வேண்டும். "தண்ணிக்கு நடுவுல, பின்னாடி இருபது பேரை வெச்சுக்கிட்டு இது நின்னா, அங்கே நான் இருக்கமாட்டேன்."

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். இராணுவத்தில் ஓட்டத்துக்கு முன்னும், நடுவிலும், பின்னும் வண்டியைச் சோதிப்பது ஓட்டுநரின் கடமை. அதற்குப் பட்டியல் உண்டு. இந்தப் படைக்கு லாரி வந்தது, பட்டியலைப் பின்பற்ற ஆள் வரவில்லை. எல்லோரும் ஓட்டினார்கள், வெள்ளத்திலிருந்து திரும்பியதும் களைத்து வீடு போனார்கள். ஹோஸ் ஒரே நாளில் வெடித்திருக்காது என்றார் அவர். இனி தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக் பார்த்து, ஹோஸைப் பின்பக்கமும் தடவி, கையெழுத்துப் போட்டபின்தான் கடைசி ஆள் கிளம்ப வேண்டும். அந்த ஆளின் பெயர் இப்போதே வேண்டும். தலைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நண்பர் கையைத் தூக்கினார். ஹோஸின் பின்பக்கம் எங்கே தடவுவது என்று பேத்தி அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.